சிறு போல்ட்டும் பெரிய மேசையும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் தூரமும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தேர் எவ்வளவு பெரியதாயினும், சக்கரம் கழன்று விழாமற் காப்பது ஒரு சிறிய இரும்பே. இயந்திரங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மரவேலை இயந்திரம் ஒன்று, சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு போல்ட் சரியாக அமையாமையால் வேலையின்றி நிற்பதுண்டு. அதனினும் தீயது, அந்தப் போல்ட்டினாலேயே இயந்திரமும் கெட்டு, வேலை செய்வோரும் காயமுறுவது.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இந்த விஷயத்தில் என்ன சம்பந்தம் என்று சில அங்கத்தினர்கள் கேட்கலாம். தறியின் கால்களும் மிதிகட்டைகளும் மரத்தால் ஆனவை. மண்வெட்டிப் பிடியும் நுகத்தடியும் காய்கனி அனுப்பும் பெட்டிகளும் மரத்தால் ஆனவை. இவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் பொதுப் பட்டறை வைத்திருக்கும் இடங்களில், அங்குள்ள ரம்பமும் துளையிடும் இயந்திரமும் அங்கத்தினர்களின் பணத்தில் வாங்கப்பட்டவையே. பெரும்பாலும் அவை பழைய இயந்திரங்களாகவே வந்து சேர்கின்றன. இயந்திரம் வரும், அதனோடு இருந்த போல்ட்டுகளும் நட்டுகளும் வழியில் எங்கோ தொலைந்திருக்கும். ஆதலின் அவற்றைத் தேடிப் பெறுவதும், கிடையாவிடில் செய்துகொள்வதும் எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காடியின் அமைப்பு

துளையிடும் இயந்திரம், வட்ட ரம்பம் முதலியவற்றின் மேசைகளில் நீண்ட காடிகள் சில வெட்டப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ஆங்கிலத்தின் ‘டி’ என்னும் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல் மேலே குறுகிய வாயும் கீழே அகன்ற வயிறும் உடையதாக இருந்தால், அதனை ‘டி’ காடி என்பர். போல்ட்டின் தலையை, அல்லது அதே வடிவில் செய்த நட்டைக் காடியின் ஓரத்தில் நுழைத்து வேண்டிய இடத்திற்குத் தள்ளிச் செல்லலாம். வயிற்றின் அகலத்தில் தங்கிய தலை, வாயின் வழியே மேலே வர இயலாது. மேலிருந்து முறுக்கினால், வாயின் இருபுறமுமுள்ள இரும்பு உதடுகளின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, மேலே வைத்த மரத்தை மேசையோடு பிணைத்துவிடும்.

இங்கே மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மேசை பெரும்பாலும் வார்ப்பிரும்பினால் ஆனது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பையும் வளைப்பையும் அவ்வளவாகத் தாங்காது. அதன் இழுவலிமை, அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். எஃகு வளைந்து எச்சரிக்கும். வார்ப்பிரும்பு எச்சரிக்காமல் முறியும். ஓரடி நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 15 கிலோ பாரம் கொடுத்து 12 மி.மீ. போல்ட்டை முறுக்கினால், அந்தப் போல்ட்டில் ஏறத்தாழ 2 டன் இழுவிசை உண்டாகிறது. அவ்வளவும் காடியின் உதடுகளையே சாரும்.

ஒரு விபத்து

சில ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்து பார்த்த நிகழ்ச்சி இது. ஒரு சிற்றூர்ப் பட்டறையில் பழைய துளையிடும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் காடிக்கு ஏற்ற நட்டு இல்லாமையால், கடைசல் பட்டறையில் சொல்லி இரண்டு நட்டுகள் செய்வித்தனர். நட்டுகள் காடியில் வழுவழுப்பாக ஓடின. எவ்விதக் குறையும் காணப்படவில்லை. பட்டறையிலிருந்த இளைஞர் ஒருவர் நான்கடி நீளமுள்ள தறிக்காலை மேசைமேல் வைத்து, பிடிப்பட்டையைப் பொருத்தி, கையில் அகப்பட்ட ஒரு போல்ட்டை மேலிருந்து செலுத்தி வலுவாக முறுக்கினார். முறுக்கும்போதே ‘டக்’ என்றொரு ஓசை கேட்டது. அதனை யாரும் பொருட்படுத்தவில்லை. பிட் மரத்தில் இறங்கி ஒரு விரற்கடை ஆழம் சென்றதும் மரத்தைக் கவ்விக்கொண்டது. தறிக்கால் அப்படியே சுழன்று இளைஞரின் மணிக்கட்டில் அடித்தது. எலும்பில் வெடிப்பு. ஆறு வாரம் அவருக்கு வேலையில்லை.

இயந்திரத்தை நிறுத்திய பின் பெரிய ஆசாரி மேசையைக் குனிந்து பார்த்தார். காடியின் உதட்டில் கட்டைவிரல் அளவு துண்டு பெயர்ந்திருந்தது. மறுவாரம் கைக்கட்டோடு வந்த இளைஞரிடம் அவர் கேட்டார்: “தம்பி, அன்றைக்குப் போல்ட் இறுகிற்றா, மரம் இறுகிற்றா என்று பார்த்தாயா?”

“போல்ட் நன்றாக இறுகிற்று, ஐயா.”

“அதுதான் தவறு. போல்ட் இறுகியது, மரம் இறுகவில்லை.”

நடந்தது இதுதான். போல்ட் வேண்டியதைவிட ஓரங்குலம் நீளமானது. நட்டின் மரையோ மேலிருந்து அடிவரை திறந்திருந்தது. எனவே போல்ட்டின் முனை நட்டைக் கடந்து சென்று காடியின் தரையில் முட்டிற்று. அதன்பின் கொடுத்த முறுக்கு முழுவதும் போல்ட்டைத் தரையில் ஊன்றி, நட்டை மேலே தூக்கி, உதடுகளைப் பெயர்க்கவே பயன்பட்டது. பிடிப்பட்டையின் மீது போல்ட்டின் தலை அமரவேயில்லை. கைக்கு இறுக்கம் தெரிந்தது. மரத்திற்குப் பிடிப்புக் கிடைக்கவில்லை. சரியான நட்டாயினும், அடிமரை அடைக்கப்படாத ஒரு சிறு குறையால் ஒருவரின் கையும் ஒரு மேசையின் உதடும் சேதமுற்றன.

நான்கு அளவுகள்

போல்ட் தேடிக் கடைக்குப் புறப்படுமுன் காடியை அளக்க வேண்டும். அளவுகள் நான்கு: வாயின் அகலம், வயிற்றின் அகலம், வயிற்றின் உயரம், மேற்பரப்பிலிருந்து தரைவரை முழு ஆழம். முழு ஆழத்திலிருந்து வயிற்றின் உயரத்தைக் கழித்தால் உதட்டின் கனம் கிடைக்கும்.

காடி மேசையின் விளிம்புவரை சென்று திறந்திருந்தால், அந்த விளிம்பிலேயே வெர்னியர் காலிபரால் நான்கையும் அளந்துகொள்ளலாம். ஆயினும் அதனோடு நின்றுவிடலாகாது. பழைய மேசைகளில் விளிம்பில் ஓர் அளவும் நடுவில் ஓர் அளவுமாகத் தேய்ந்திருக்கும். சில இடங்களில் அடிபட்டு வாய் குறுகியிருக்கும். இதனை அறியத் தச்சருக்குக் காலிபர் வேண்டுவதில்லை, இழைப்புளியே போதும். கடினமான மரத்துண்டு ஒன்றைக் காடியின் வடிவிலேயே இழைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தள்ளிப் பார்க்க வேண்டும். எங்கே தடைப்படுகிறதோ அங்கே மரத்தைச் சிறிது சீவ வேண்டும். முழு நீளமும் தடையின்றி ஓடும் அந்த மரத்துண்டே நமக்கு வேண்டிய நட்டின் மாதிரி. கடைசல்காரரிடம் எண்களைச் சொல்வதினும் அந்த மாதிரியைக் கையில் கொடுப்பது மேல்.

அளப்பதற்கு முன் காடியைச் சுத்தம் செய்தல் அவசியம். மரத்தூளும் பிசினும் சேர்ந்து அடியில் கல்லைப்போல் இறுகியிருக்கும். பட்டை இரும்பொன்றின் நுனியால் அதனைச் சுரண்டி எடுக்காவிடில், அளவும் பொய்க்கும், நட்டும் சாய்ந்து நிற்கும்.

கடையில் கிடைப்பவை

இந்தக் காடிகளுக்கும் போல்ட்டுகளுக்கும் நட்டுகளுக்கும் நம் நாட்டில் முறையான தரக் குறிப்புகள் உள்ளன. 1947-இல் தோன்றி, 1987 முதல் இந்திய தர நிர்ணய அமைவனம் என்னும் பெயரோடு இயங்கும் நிறுவனம் அவற்றை வெளியிட்டுள்ளது. காடிக்கு 2013, போல்ட்டுக்கு 2014, நட்டுக்கு 2015 என்பன அக்குறிப்புகளின் எண்கள். இவை ஆண்டுகள் அல்ல, வரிசை எண்களே. இரும்பு வேலை இயந்திரங்களுக்குரிய சாமான்கள் விற்கும் கடைகளில் இவ்வகை நட்டுகள் கிடைக்கும். வழக்கிலுள்ள அளவுகள் பின்வருமாறு:

காடியின் வாய் 8 மி.மீ. ஆயின்: போல்ட் 6 மி.மீ., நட்டின் அடியகலம் 13, அடிக்கனம் 6, மொத்த உயரம் 10.
வாய் 10 ஆயின்: போல்ட் 8, அடியகலம் 15, அடிக்கனம் 6, உயரம் 12.
வாய் 12 ஆயின்: போல்ட் 10, அடியகலம் 18, அடிக்கனம் 7, உயரம் 14.
வாய் 14 ஆயின்: போல்ட் 12, அடியகலம் 22, அடிக்கனம் 8, உயரம் 16.
வாய் 18 ஆயின்: போல்ட் 16, அடியகலம் 28, அடிக்கனம் 10, உயரம் 20.

நட்டைப் பயன்படுத்தும்போது போல்ட்டின் கனம் காடிவாயைவிடக் குறைவாக இருப்பதை இதனால் அறியலாம். நட்டின் கழுத்து வாயினுள் நுழைய வேண்டும். மரையைச் சுற்றி இரும்பும் மிஞ்ச வேண்டும்.

ஆனால் மரவேலை இயந்திரங்கள் யாவும் இத்தரத்தைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்க முறையில் அமைந்த ரம்ப மேசைகளில் முக்கால் அங்குல அகலமும் முக்காலே அரைக்கால் அன்றி, அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு ஆழமும் உள்ள காடிகள் பெருவழக்கு. இக்காலத்தில் விற்கும் அலுமினியக் காடிச் சட்டங்கள் பல, கால் அங்குலப் போல்ட்டின் அறுகோணத் தலையையே ஏற்குமாறு அமைந்தவை. ஆதலின் பெயரைச் சொல்லி வாங்காமல் அளவைச் சொல்லி வாங்குக. ‘டி நட்டு’ என்று மட்டும் கேட்டால், மரத்தில் அடித்துப் பதிக்கும் முள்வைத்த தகட்டு நட்டையும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கலாம். அதற்கும் அதே பெயர்தான், உபயோகம் வேறு.

வேறு வேலைக்கென விற்கும் போல்ட்டுகளிலும் சில நமக்கு உதவும். வண்டிப் பலகைகளைப் பூட்டும் மொட்டைத் தலைப் போல்ட்டுக்குத் தலையின் அடியில் சதுரக் கழுத்து உண்டு. அக்கழுத்து காடியின் வாயில் அமர்ந்து, போல்ட் சுழலாமற் காக்கும். தலை வயிற்றினும் அகலமாயின், இரு பக்கங்களையும் சாணையில் ஒரே அளவாகத் தேய்த்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தச்சர்கள் சிலர், கழிப்பறைப் பீங்கானைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டையே தங்கள் காடிகளில் உபயோகிக்கின்றனர். அதன் நீள்வட்டத் தலை சிறு காடிகளுக்குப் பொருத்தமாய் அமைந்திருக்கிறது. எனினும் அவற்றுள் பல பித்தளையாலானவை. மரச்சட்டத்தையோ அளவுக் கட்டையையோ நிறுத்த அவை போதும். துளையிடும்போது மரத்தைப் பிடித்து வைக்கும் பாரமான வேலைக்கு ஆகா.

மரை பொருந்துதல்

நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய இயந்திரங்களில், இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த அங்குல மரையே பெரும்பாலும் காணப்படும். அதன் மரைக்கோணம் 55 பாகை; மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை.

கனம் ஒன்றுபோல் தோன்றுவதால் ஏமாறுதல் கூடாது. 8 மி.மீ. போல்ட்டுக்கும் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு கனமுள்ள போல்ட்டுக்கும் கனத்தில் மயிரிழை வேறுபாடே உண்டு. மரை இடைவெளியோ முன்னதில் 1.25 மி.மீ.; பின்னதில் 1.41 மி.மீ. ஒன்றின் நட்டு மற்றொன்றில் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு சிக்கிக்கொள்ளும். அதனையும் இறுக்கம் என்று எண்ணி மேலும் முறுக்கினால் மரை அழியும். புதிய நட்டும் புதிய போல்ட்டும் செய்துகொள்ளும்போது, இரண்டையும் மெட்ரிக் மரையிலேயே செய்வது நலம். காடிக்கு மரையில்லை, ஆகவே பழைய மேசையிலும் புதிய மரை தடையின்றிப் பொருந்தும்.

நாமே செய்துகொள்ளும் முறை

14 மி.மீ. வாயுள்ள காடியை உதாரணமாகக் கொள்வோம். 25 மி.மீ. அகலமும் 16 மி.மீ. கனமுமுள்ள சாதாரண மெல்லெஃகுப் பட்டை ஒரு துண்டு வேண்டும். பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். கெட்டியான உயர்ரக எஃகைத் தேட வேண்டுவதில்லை. மேசையைக் காட்டிலும் நட்டு மென்மையாயிருப்பதே மேசைக்கு நன்மை.

பட்டையை 30 மி.மீ. நீளத்திற்கு வெட்டி, அகலத்தை 22 மி.மீ. ஆகும்வரை அராவுக. பின்னர் இரு பக்கங்களிலும், அடியில் 8 மி.மீ. கனத்தை விட்டு, மேற்பகுதியை வாளால் அறுத்து நீக்குக. நடுவில் 13.5 மி.மீ. அளவில் கழுத்து நிற்க வேண்டும். கழுத்தின் உயரம் உதட்டின் கனத்தைவிடக் குறைவாயிருத்தல் அவசியம். மேசைக்கு மேல் அது தலைகாட்டினால், பிடிப்பட்டை மரத்தின்மீது அமராமல் கழுத்தின்மீது அமர்ந்துவிடும். உதடுகளைத் தொடும் இரு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு அரத்தால் சமப்படுத்துக. ஒரு தோள் உயர்ந்திருந்தால் பாரம் முழுவதும் ஓர் உதட்டையே சாரும்.

இனி, நடுவில் 10.2 மி.மீ. துளையிட்டு, 12 மி.மீ. டேப்பினால் மரை வெட்டுக. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகத் திருப்பினால் சுருள் உடைந்து வெளிவரும்; டேப்பும் முறியாது. டேப்பை அடிவரை செலுத்தாமல், கடைசி இரண்டு மரைகளை முழுமை பெறாமல் விட்டுவிடுக. தவறிச் செலுத்திவிட்டால், நட்டைக் கவிழ்த்து, அடியிலுள்ள துளையின் விளிம்பில் சென்டர் பஞ்சினால் மூன்று நான்கு இடங்களில் அடித்து மரையை நசுக்கிவிடுக. போல்ட் அதனைக் கடந்து தரையில் முட்டாது. முன்னர்ச் சொன்ன விபத்தைத் தடுக்க இந்த நான்கு அடிகளே போதுமாயிருந்தன.

டேப் இல்லாத பட்டறைக்கு வேறொரு வழி உண்டு. வயிற்றில் நுழையும் பட்டைத் துண்டில் போல்ட் செல்லும் அளவு துளையிட்டு, போல்ட்டின் தலையை வெட்டி நீக்கி, உடலைத் துளையில் நட்டு, அடிப்பக்கத்தில் பற்றவைத்து, மேடு பள்ளமின்றித் தேய்த்துவிடலாம். மேலே நட்டும் வாஷரும் இட்டு முறுக்கிக்கொள்ளலாம். இம்முறையில் போல்ட் கீழே இறங்கவே வழியில்லை. துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டை மட்டும் அப்படியே பற்றவைக்கலாகாது. அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சை முற்றும் நீக்கிய பின்னரே நெருப்பிடுக.

மேசையைக் காக்கும் விதிகள்

1. முறுக்கியபின் போல்ட்டை நம்பாதீர். மரத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

2. போல்ட் மரத்திற்கு அருகிலும், பிடிப்பட்டையின் மறுமுனையைத் தாங்கும் கட்டை தொலைவிலும் இருக்கட்டும். தாங்குகட்டை மரத்தின் உயரமோ, அதைவிடச் சிறிது கூடுதலோ இருக்கட்டும்.

3. காடியின் விளிம்பில் நட்டை வைத்து முறுக்க வேண்டாம். உதடு மிகவும் பலவீனமான இடம் அதுவே.

4. நட்டு நீளமாயிருப்பின் பாரம் பரவும். சிறிய அறுகோணத் தலையை நேரே காடியில் இட்டு வலுவாக முறுக்குதல் ஆகாது.

5. ஸ்பானருக்குக் குழாய் மாட்டி நீளம் கூட்ட வேண்டாம். பிடிப்புப் போதாவிடில் இரண்டாவது போல்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்க.

6. துளையிடும்போது நீண்ட மரத்தின் மறுமுனை இயந்திரத்தின் தூணிலோ ஒரு தடுப்பிலோ சாய்ந்திருக்கட்டும். பிடிப்பு நழுவினாலும் மரம் சுழலாது.

பெயர்ந்த உதட்டைத் திரும்ப ஒட்டவைத்தல் எளிதன்று. வார்ப்பிரும்பை முன்னதாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அப்போதும் மேசையின் சமதளம் கோணாமலிருப்பது அரிது. நான் கூறிய பட்டறையில் அந்த முயற்சியை மேற்கொள்ளவில்லை. உடைந்த பகுதியைச் சிவப்புச் சாயத்தால் குறித்து, அங்கே நட்டு வைக்கலாகாது என்று விலக்கிவிட்டனர். கை குணமாகித் திரும்பிய இளைஞர் முதலில் செய்த வேலை, இருந்த நட்டுகளின் அடிமரையை அடைத்ததுதான். பிறகு ஒரே பட்டையிலிருந்து பன்னிரண்டு நட்டுகள் செய்தார். மரமாதிரியையும் நான்கு அளவுகளையும் ஒரு பலகையில் பொருத்தி, இயந்திரத்தின் அருகே தொங்கவிட்டார். பெயர்ந்த இரும்புத் துண்டும் அதே பலகையில் ஆணியடித்து வைக்கப்பட்டுள்ளது.

பட்டறை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இம்மாதமே தங்கள் இயந்திரங்களின் காடிகளைச் சுத்தம் செய்து, அளந்து, இருக்கும் நட்டுகளைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாக. அடிமரை திறந்திருந்தால், அடுத்த மரத்தை மேசைமேல் ஏற்றுமுன் அதனை அடைத்துவிடுவார்களாக. அதற்கு வேண்டுவது ஒரு பஞ்சும் ஒரு சுத்தியலும் ஐந்து நிமிஷ நேரமுமே.